வேலைக்கு வந்தவர்கள்

அண்டா நிரம்பியிருந்தது.

தாஹிரா கையில் சொம்போடு அப்படியே நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் அந்தச் செப்பு அண்டாவை அவளே சாய்த்துப் பிடித்து, அடியில் கிடந்த கடைசி இரண்டு சொம்புத் தண்ணீரையும் வடித்தெடுத்திருந்தாள். இப்போது விளிம்புவரை தண்ணீர் தளும்பி நின்றது. ஊற்றிலிருந்து குடத்தில் சுமந்து வந்தால் தாழ்வாரத்திலிருந்து சமையலறை வரைக்கும் ஈரக்கோடு விழும். அதற்காகவே தினமும் வேலைக்காரி பாஞ்சாலையைத் திட்டுவாள். இன்று தரையில் ஒரு துளிகூடச் சிந்தியிருக்கவில்லை.

பாஞ்சாலை வேலைக்கு வராமல் நான்கு நாளாகியிருந்தது.

விடியற்காலையில் வந்து ஊற்றிவிட்டு, முகத்தைக்கூடக் காட்டாமல் போயிருக்கிறாள், அவ்வளவு வீம்பு என்று நினைத்துக்கொண்டாள். பின்கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நேற்று போட்டேனா, இப்போது வந்ததும் போட்டேனா என்று யோசித்துப் பார்த்து, அதற்கு மேல் யோசிக்க விருப்பமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். நமுத்த தீப்பெட்டியில் ஏழாவது குச்சிதான் பற்றியது.

அந்த மலையில் எதுவும் அப்படித்தான். துரை ஒருவன் கட்டி, வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன வீடு அது. ஜவ்வாது மலையில் கோடைக்கு வந்து தங்க இடமில்லையென்று அவள் புருஷன் ஃபரூக் அதை வாங்கி, ஆறு அறைகளுக்கும் கட்டில் போட்டு விடுதியாக்கினான். சீசனில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் முதலாளிகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். வெந்நீர் எங்கே, பாலில் ஏன் புகை வாடை, மெத்தையில் ஏன் ஈரம் என்று கேட்பார்கள். அவர்கள் இறங்கிப் போனபின் மழை வரும், அட்டை வரும், மூடுபனி வரும். கீழேயிருந்து வரும் ரொட்டி பூஞ்சை பூத்து வரும். கடிதம் எட்டு நாளில் வரும். ஓடு மாற்ற நாளைக்கு வருகிறேன் என்றவன் அடுத்த வாரமும் நாளைக்கு வருகிறேன் என்பான். ஏன் வரவில்லை என்று கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் வெறுத்தாள். இரண்டு வருஷத்தில் அந்த மலையில் அவள் வெறுக்காதது மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தது.

அவர்களும் அவளை விரும்பவில்லை. ஊற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வீட்டு வளாகத்துக்குள் இருந்தது. சனங்கள் குடத்தோடு ஜன்னலைக் கடந்து போவது விருந்தாளிகளுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று ஃபரூக் முள்கம்பி வேலி போட்டான். போடச் சொன்னது தாஹிராதான். அன்றிலிருந்துதான் பாஞ்சாலை வரவில்லை. திங்கட்கிழமை ஃபரூக் ஜீப்பில் வாணியம்பாடிக்கு இறங்கினான்.

"வேற ஆளு பாத்து இட்டுகினு வர்றேன். வியாழக்கிழம சாயங்காலம் வந்துடுவேன், பயப்படாத" என்றான்.

"எனக்கு இன்னா பயம். வேலதான் பயம்" என்றாள் அவள்.

புதன்கிழமை காலையில் விறகு பிளந்து அடுக்கியிருந்தது. ஒரே நீளம், ஒரே கனம், சுவரோரம் செங்கல் அடுக்கினதுபோல. இரண்டு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த மூன்றாவது அறையின் ஓடு மாற்றப்பட்டிருந்தது. கூரையில் யாரும் நடந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. தாழ்வாரம் கழுவி, துணியால் துடைத்து, எப்போதும் இருக்கும் புகை வாடையும் ஈரச்சாக்கு வாடையும் போய், எந்த வாடையும் இல்லாமல் கிடந்தது. அந்த வாடையற்ற காற்றை முகர்ந்தபடி அவள் வாசலில் நின்று, பனிக்குள் புளியமரங்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்தாள். வேலியை நினைத்து மனம் இளகி, ஊர்க்காரர்கள்தான் சமாதானத்துக்கு வருகிறார்கள் போலிருக்கிறது என்று தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மதியம் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு மூடிப் பின்வாசலில் வைத்தாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தாள். சோறு ஒரு பருக்கை குறையாமல், ஊர்நாய்களுக்குக் கழிவு போடும் தொட்டியில் கிடந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை குழியைப் பார்த்தாள்.

குப்பை கொட்டக் குழி வெட்டச் சொல்லிப் பாஞ்சாலையின் புருஷன் சின்னதம்பியிடம் மழைக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறைக்குப் பக்கத்தில் சதுரமாக என்று கோடுகூடக் கிழித்துக் காட்டியிருந்தாள். இது அங்கே இல்லை. வீட்டுக்குப் பின்னால் நெல்லிமரத்துக்குக் கீழே, ஒடுக்கமாக, நீளமாக, வடக்கு தெற்காக இருந்தது. ஓரங்களைக் கையால் தட்டித் தட்டி வழவழப்பாக்கியிருந்தார்கள். இரவெல்லாம் சாரல் பெய்திருந்தும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. குனிந்து பார்த்தாள். அடியில், மேற்குப் பக்கச் சுவரில், உள்ளடங்கி ஒரு பொந்து, ஓர் ஆளைக் கிடத்தும் நீளத்துக்குக் குடையப்பட்டிருந்தது.

குப்பைக்கு எதற்குப் பொந்து என்று முதலில் தோன்றியது. பிறகு தோன்றியதை முழுதாக நினைக்க அவள் தன்னை விடவில்லை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், சேற்றில் இறங்கிப் பாஞ்சாலையின் வீட்டுக்கு நடந்தாள்.

பாஞ்சாலை சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சின்னதம்பி கதவோரம் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா பாஞ்சாலை, ஒரு வாரமா ஆளையே காணோம்?"

"வர்றதுக்கு வழி எங்க இருக்குது பாயம்மா. கம்பிதான இருக்குது."

"தண்ணி ஊத்த மட்டும் வழி தெரிஞ்சிதா?"

முறம் நின்றது. "நான் எங்க ஊத்துனேன்?"

"அப்ப யாரு ஊத்துனது? வெறக யாரு பொளந்தது? நெல்லிமரத்தாண்ட குழி வெட்னது யாரு?"

பாஞ்சாலை புருஷனைப் பார்த்தாள். அவன் செதுக்குவதை நிறுத்தவில்லை.

"அதான் உங்க ஆளுங்களையே கூட்டியாந்துட்டீங்களே. மூணு நாளா பாக்கறோம்" என்றான்.

"எங்க ஆளுங்களா?"

"கீழ இருந்து வந்தவங்க. வெள்ள உடுப்பு. பொம்பளைங்களும் இருக்காங்க. வழிய வுட்டு ஒதுங்கி நின்னாக்கூட நம்மள பாக்காம போறாங்க. நேத்து எண்ணிப் பாத்தேன், இருபது பேருக்கு மேல. எல்லாரும் உங்க வூட்டுக்குள்ளதான் போனாங்க. வெளிய வந்தத நான் பாக்கல."

தாஹிரா பாஞ்சாலையிடம் திரும்பினாள்.

"பாஞ்சாலை, அவரு சாயங்காலம் வந்துடுவாரு. அதுவரைக்கும் எங்கூட வந்து இரு."

பாஞ்சாலை முறத்தை ஒருமுறை தட்டினாள். உமி பறந்தது.

"வேலி போட்டது நீங்கதான பாயம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. இங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று தாஹிரா கேட்டிருக்கலாம். அவர்கள் முடியாது என்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கேட்க வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக அவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவள் இன்றைக்கு எப்படிக் கேட்பது. திரும்பி நடந்தாள்.

மேட்டில் ஏறும்போதே வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை எழுவது தெரிந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஃபரூக் சீக்கிரம் வந்துவிட்டான், அவன்தான் டீ போடுகிறான். அப்படி நினைத்துக்கொண்டே, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லாததால் "இன்னாங்க, இன்னாங்க" என்று குரல் கொடுத்தபடி சமையலறைக்குள் போனாள். யாரும் இல்லை. அண்டா அடுப்பின் மேல் இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அதைத் தூக்க முடியும். தண்ணீர் கொதிக்காமல், பதமாக, ஆவி மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. மேலே இலைகள் மிதந்தன. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினாள்.

இலந்தை இலை. அந்த மலையில் எங்கேயும் அவள் இலந்தை மரத்தைப் பார்த்ததில்லை.

கசந்த பச்சை வாசனை. போன வருஷம் வாணியம்பாடியில், அவளைப் பெற்ற அம்மி இறந்து, மையத்தைக் குளிப்பாட்டிய அறையில், ஆறு பெண்கள் சத்தமில்லாமல் நடமாடிய அந்த அறையில், இதே வாசனைதான் நிறைந்திருந்தது. தண்ணீர் மொண்டு கொடுத்தது தாஹிராதான். எது முதலில், எது பிறகு என்று அவளுக்குத் தெரியும். இலந்தை இலைத் தண்ணீர். பலகை. கடைசியில் கற்பூரம். பெண்ணென்றால் போர்த்த ஐந்து துணி.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. விருந்தாளிக் கட்டிலின் பலகையைக் கழற்றி, தண்ணீர் வடிய வாட்டமாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள்.

திரைச்சீலைக்கென்று வாங்கி வைத்திருந்த லாங்கிளாத் நடுக்கூடத்து மேசையில் இருந்தது. கத்திரி படாமல் கையால் கிழித்திருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்திருந்ததை எண்ணினாள். மூன்று என்றால் ஆணுக்கு. மூன்றாகவே இருக்கட்டும் என்று ஒரு கணம் மனம் வேண்டியது. எதை வேண்டினோம் என்று அப்புறம்தான் புரிந்தது. மலைப்பாதை வளைவுகளில் ஈரத்தில் அவன் ஜீப் ஏறி வருவது கண்முன் வந்தது.

ஐந்து இருந்தன.

வாசலைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மணி நாலுகூட ஆகவில்லை. வெளியே பனி வெள்ளையாக இறங்கி வேலியை விழுங்கிவிட்டிருந்தது. அவன் வருவான். ஜீப் சத்தம் கேட்கும். எழுந்து ஓடிவிடலாம். தெரிந்த கலிமாவை உதட்டுக்குள் சொல்லத் தொடங்கினாள். பாதியில் வார்த்தை தவறியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி தவறியது.

பின்னால் சமையலறையில் சொம்பு அண்டாவின் விளிம்பில் இடித்தது.

அவள் திரும்பவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழுந்தது. பலகையில். ஒருமுறை.

வளையல்கள் உரசும் ஓசை. மெதுவாக. பல கைகளில்.

இரண்டாவது முறை.

இலந்தை வாசனை கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. வெதுவெதுப்பாக. யாரோ குனிந்து நிற்கிறார்கள். மூச்சு இல்லை. வெதுவெதுப்பு மட்டும்.

மூன்றாவது முறை தண்ணீர் பலகையில் விழவில்லை.

கண் இருண்டது ஒரு கணம்தான். விழித்தபோது நாற்காலியில்தான் இருந்தாள். தரை உலர்ந்திருந்தது. அவள் தலைமயிர் ஈரமாக இருந்தது. பின்னல் அவிழ்த்து, சிக்கெடுத்து, இரண்டாகப் பிரித்து, தோளுக்கு முன்னால் மார்பின் மேல் பக்கத்துக்கு ஒன்றாகப் போடப்பட்டிருந்தது. அம்மிக்குப் போட்டது போல. கையை மூக்கருகே கொண்டுபோனாள். உள்ளங்கையில் கற்பூரம். நெற்றியில் கற்பூரம். முழங்காலில், துணிக்கு உள்ளே, கற்பூரம்.

ஓடினாள்.

படி. சேறு. வாசல் கம்பம். பனிக்குள் ஜீப்பின் முகப்பு தெரிந்தது. அவன் ஜீப். நெஞ்சு உடைந்துபோகும்போல் ஓர் ஆறுதல். "இன்னாங்க" என்று கத்தினாள். கதவு திறந்திருந்தது. இருக்கை காலி. இஞ்சின் குளிர்ந்திருந்தது.

அதற்கு அப்பால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இன்னொருவர். பிறகு வேறு யாரோ.

பனி கொஞ்சம் விலகியது.

ஆண்கள். வெள்ளை உடுப்பு. தோளோடு தோள் சேர்த்து, முதுகு காட்டி, மேற்கு நோக்கி நின்றிருந்தார்கள். மூன்று வரிசை. குனியாமல், நெற்றி தரையில் படாமல், நின்றபடியே முடிக்கும் ஒரே தொழுகைக்கு, மையத்துத் தொழுகைக்கு, நிற்கிற வரிசை. அவள் பிறந்ததிலிருந்து ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

யாரும் விலகவில்லை. இடுக்கில் நுழைந்தாள். எந்தத் தோளும் அவள் மேல் பட்டதாகத் தெரியவில்லை.

முன்னால் மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு இருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்து, முனைகள் கட்டப்படாமல் இருபுறமும் தொங்கின. காலி.

முதல் வரிசையின் நடுவில் ஃபரூக் நின்றிருந்தான். திங்கட்கிழமை போட்டுப்போன அதே கோட்டு. முகம் அழுது வீங்கியிருந்தது.

"இன்னாங்க. இங்க பாருங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் கையைப் பிடித்தாள். பிடித்ததுபோல் இல்லை. அவன் கண்கள் அவளைக் கடந்து சந்தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குப் பின்னால், அந்தக் காலித் துணியின் மேல், ஏதோ பாரத்தை இறக்கியதுபோல் சந்தூக்கின் மரம் மெதுவாக முனகியது.

யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் நின்றது.

மூன்று வரிசைகளிலும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் காதுவரை உயர்ந்தன.