கொடியை வெள்ளை என்றேன்

எங்கள் மலையூர் கரக்கோலில், சந்தைக்குப் பின்னால்தான் என் ஸ்டுடியோ. பழைய ஃபிலிம்களை ஸ்கேன் செய்து, திரிந்துபோன நிறத்தைச் சரிசெய்து கொடுப்பேன். சோவியத் காலத்து ஃபிலிம் வயதானால் சிவந்துவிடும். இந்த ஊரில் எத்தனையோ தாத்தாக்களைத் தக்காளி நிறத்திலிருந்து நான் மீட்டிருக்கிறேன்.

மேகம் மூடிய ஒரு முற்பகலில், கம்பளிக் காலணி போட்ட ஒரு பெண் வந்தாள். கையில் ஒரே ஒரு துண்டு ஃபிலிம். மழையே இல்லாத நாளில் அவள்மேல் ஈரக் கம்பளி வாடை அடித்தது.

"தம்பி, இதுல இருக்கிற கொடி என்ன நிறம்னு பாத்துச் சொல்லு."

"அவ்வளவுதானேக்கா? டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடறேன்."

"நீ என்ன சொல்றியோ, அதுதான்" என்றாள். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

திரையில் எல்லாமே சிவப்பு. மலை மேய்ச்சலில் ஒரு கம்பளிக்கூடாரம், அதன் உச்சியில் ஒரு கழி, கழியில் ஒரு துணி. ஆள் யாருமில்லை. சாவு விழுந்த கூடாரத்தில் கொடி கட்டுவது எங்கள் பழைய வழக்கம். இறந்தது இளசு என்றால் சிவப்பு, நடுவயது என்றால் கறுப்பு, முதியவர் என்றால் வெள்ளை. இப்போது டவுனில் யார் கட்டுகிறார்கள்?

நிறத்தைச் சரிசெய்ய ஒரு குறுக்குவழி உண்டு. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய ஓர் இடத்தைத் தொட்டு, 'இது வெள்ளை' என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால் போதும், மற்ற நிறங்களை அதுவே ஒழுங்குபடுத்திவிடும். பின்னால் தெரிந்த பனிமலையைத் தொட்டிருக்கலாம். பாழாய்ப்போன சோம்பல். கர்சர் கொடியருகே இருந்தது, கொடியைத் தொட்டேன்.

கொடி வெள்ளையானது.

அறையில் ஈரக் கம்பளி வாடை.

மனைவி ஜிபெக் போன் செய்தாள். "என்னங்க... அத்தை எந்திரிக்க மாட்டேங்கிறாங்க."

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. வயதாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அழுதுவிட்டு நம்பினேன்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து கடையைத் திறந்தேன். படம் திரையில் அப்படியே இருந்தது. பனிமலை பாசி பிடித்தாற்போல் பச்சையாக இருந்தது. வெள்ளை இல்லாததை வெள்ளை என்று சொல்லியிருக்கிறேன்! இந்த முறை பனியைத் தொட்டேன். பனி வெளுத்தது, வானம் நீலமானது. எல்லாம் சரியாகிவிட்டது.

கொடி மட்டும் சிவப்பு.

மறுபடி அந்த வாடை.

போன் அடித்தது. ஜிபெக்.

"மீரிமுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்க. இப்பத்தான் விளையாடிட்டிருந்தா."

மீரிம் எங்கள் ஒரே மகள். ஆறு வயது.

கொடியை வெள்ளையாக்கினேன். விரலை எடுத்ததும் சிவந்தது. மறுபடி ஆக்கினேன், மறுபடி சிவந்தது. வெள்ளைக்கு எங்கள் வீட்டில் இனி ஆள் இல்லை. ஃபைலை அழித்தேன். படம் திரையிலேயே நின்றது. அழுகை வந்தது. ஊர்த் தாத்தாக்களை எல்லாம் மீட்டவனுக்குச் சொந்த மகளை மீட்க வழி தெரியவில்லை.

எனக்கு நாற்பத்தாறு.

கொடியைச் சுற்றிக் கோடு போட்டுக் கறுப்பாக்கினேன்.

நின்றது.

இனி என் முறை. ஆனாலும் நிம்மதியாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தேன்.

மறுபடி ஜிபெக்தான். குரலில் சிரிப்பு. "சட்டுனு காய்ச்சல் இறங்கிடுச்சுங்க! ஜாம் தடவி ரொட்டி கேக்கிறா. என்னங்க, பேச்சையே காணோம்? செத்தா போயிட்டீங்க?"

"இன்னும் இல்ல."

"ஆமா, நம்ம கூரை மேல யாருங்க துணி கட்டினது? மீரிம்தான் வாசல்ல நின்னு காட்டுறா."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

மூச்சு விட்டேன்.

"இருங்க, இருங்க... மேகம் மூடினா கறுப்பா இருக்கு. வெயில் பட்டா சிவப்பாத் தெரியுது."

கடைக்கு வெளியே மேகம் விலகிக்கொண்டிருந்தது. மவுஸைப் பிடித்திருந்த என் கையில் வெயில் விழுந்தது.