மாற்றப்பட்டவை: 2

பென்கா அக்காவின் ஈமச்சடங்குக் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. டான்யூப் நதியின் ஈரம் சுவரில் ஏறும் தெரு அது. அன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். முன்னறையில் சவப்பெட்டிகள், பின்னறையில் நானும் கணினியும். மெழுகும் வார்னிஷும் கலந்த வாடை. வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகியும் என் மூக்குக்கு அது பழகவில்லை.

என் வேலை அஞ்சலித் தாள்கள். எங்கள் ஊரில் ஒருவர் இறந்த அன்றும், நாற்பதாம் நாளும், ஆறாம் மாதமும், பிறகு வருடா வருடமும் படம் போட்ட தாளைக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவார்கள். குடும்பம் இன்னும் நல்ல படம் கொண்டுவந்தால் பழையதை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறோம். கோப்புறையைக் காட்டி, புதுப் படத்தைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். பழைய முகம் இருந்த அதே கறுப்புக் கட்டத்துக்குள் புது முகம் வந்து உட்கார்ந்துவிடும்.

அன்றைக்கு ஒரே தாள்தான். ஸ்லாவ்கா என்ற கிழவி இறந்து மூன்று வருடம். கட்டத்துக்குள் முகம் இல்லை, ஒரு சிலுவைப் படம் இருந்தது.

“இவங்களுக்குப் போட்டோவே இல்லையா அக்கா?”

“எங்க இருக்கு? உயிரோட இருந்தப்பவே அவ மூஞ்சிய யாரும் ஏறெடுத்துப் பாக்கல. தேதிய மட்டும் மாத்திக் குடு நெதா. மழை வர்றதுக்குள்ள ஒட்டணும்.”

தேதியை மாற்றிச் சேமித்தேன். அந்தக் கோப்பை முன்னறையில் அச்சடித்து ஒட்டுவது அக்காவின் வேலை. நான் என் சொந்த வேலையைப் பார்த்தேன். ஐந்து வயது மகள் மிலாவின் மழலையர் பள்ளிப் படிவத்தில் இந்த வருடப் படத்தைப் போட வேண்டும். சோம்பேறித்தனம். படிவத்தை ஸ்லாவ்காவின் தாள் இருந்த கோப்புறையிலேயே போட்டு, மிலாவின் படத்தைக் கொடுத்து அழுத்தினேன். செத்தவர்களுக்கு வைத்திருக்கும் கருவியில் பெற்ற பிள்ளையின் படத்தை ஏற்றுவார்களா? என் புத்தி எங்கே போயிருந்ததோ.

மாற்றப்பட்டவை: 2.

ஒன்று என்றல்லவா வர வேண்டும்?

அப்புறம்தான் உறைத்தது. ஆவணத்துக்குள் இருக்கும் முதல் படத்துக்கு எல்லாக் கோப்பிலும் ஒரே பெயர்தான். மென்பொருள் பெயரைப் பார்த்து இரண்டையும் மாற்றிவிட்டது. ஸ்லாவ்காவின் தாளைத் திறந்தேன். கறுப்புக் கட்டத்துக்குள் என் மகள், முன்பல் விழுந்த இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, ‘நீ எங்களைப் பிரிந்து மூன்று வருடம்.’

படிவத்தை வெளியே எடுத்துவிட்டு, அவசர அவசரமாகச் சிலுவையைத் திரும்பப் போட்டேன். மாற்றப்பட்டவை: 1. திறந்து பார்த்தேன்.

மிலா.

மறுபடியும் போட்டேன்.

மிலா.

படத்தையே அழித்தேன். சேமித்து, மூடி, திறந்தேன்.

மிலாதான். ஆனால் இப்போது அவள் சிரிக்கவில்லை.

முன்னறைக்கு ஓடினேன். அச்சுப்பொறி சூடாக இருந்தது. பசை டப்பாவைக் காணவில்லை. பென்கா அக்காவும் இல்லை.

தெருக்கோடி மரத்தடியில் அவளைப் பிடித்தேன்.

“எத்தனை ஒட்டினீங்க?”

“ஆறு. ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“கண்ணாடி போட்டுப் பாருங்க அக்கா.”

போட்டுப் பார்த்தாள். சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

“கிழி. ஒண்ணு கூட விடாத.”

நகம் பிய்யப் பிய்யக் கிழித்தேன். மரங்களில் மூன்று. பேருந்து நிறுத்தத்தில் ஒன்று. ரொட்டிக்கடைச் சுவரில் ஒன்று. ஐந்திலும் என் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாள் ஸ்லாவ்கா வாழ்ந்த வீட்டுக் கதவில் இருந்தது. பசை இன்னும் காயவில்லை.

அதில் மிலா இல்லை.

சிலுவையும் இல்லை. கட்டத்துக்குள் வெறும் வெள்ளை.

யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மழலையர் பள்ளிக்கு எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. முற்றத்துப் பெஞ்சில் மிலா காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரி அணைத்தேன். கன்னம் கதகதப்பாக இருந்தது, மூச்சு வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் கையில் கார்னேஷன் பூக்கள் இருந்தன. நான்கு.

உயிரோடு இருப்பவர்களுக்கு இங்கே யாரும் இரட்டைப்படையில் பூ கொடுக்க மாட்டார்கள். அது கல்லறைக்குக் கொண்டுபோகும் கணக்கு. ஒரு பூவை உருவி எறிந்தேன்.

“யாருடா கண்ணு குடுத்தாங்க?”

“வேலிக்கு அந்தப் பக்கம் நின்னவங்க.”

“எப்படி இருந்தாங்க?”

மிலா தன் கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“கையெல்லாம் சுருக்கம் சுருக்கமா இருந்துச்சும்மா. மூஞ்சி மட்டும் என்னோடது.”