காதில்லா வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடு வழக்கம்போல் அந்த வாரத்துப் பேச்சறிக்கையை வாசித்தது. திருமூர்த்தி பல் துலக்கிக்கொண்டே கேட்டான்.

“இந்த வாரம் நீங்கள் பேசிய சொற்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் மனிதர்களிடம் பேசியவை முப்பத்தொன்று. குரல் நடுக்கம் இல்லை. பெருமூச்சு ஒன்பது. அவற்றில் ஆறு, மாடி ஏறியதால் வந்தவை. வாழ்த்துகள்.”

மீதி மூன்று எதனால் வந்தவை என்று வீடு கேட்கவில்லை. மூன்று வரைக்கும் கேட்காது.

சுவரில் துவரம்பருப்பு அளவில் பதிந்திருக்கும் அந்தக் கருவிக்குச் செவியம் என்று பெயர். குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்களுக்காகத்தான் முதலில் அது வந்தது. முனகினால் போதும், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும். பிறகு சமையலறைக்கு வந்தது, லிஃப்டுக்கு வந்தது, பேருந்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் வந்தது. கடைசியில், செவியம் இல்லாமல் எந்தப் பொருளையும் புதிதாகச் செய்யக்கூடாது என்று சட்டமும் வந்தது. யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. அதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது.

திருமூர்த்திக்கு நாற்பத்தெட்டு வயது. மனைவி பிரிந்துபோய் வெகு காலம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் போகும் கம்பிவண்டியில் அவன் குரல் ஊழியன். வண்டியை இயந்திரமே ஓட்டிக்கொள்ளும். ஆனால் காற்று வலுத்துப் பெட்டி பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் இயந்திரம் சொல்லும் ஆறுதலை நம்புவதில்லை. அப்போது கோவையில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லை, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும் என்று ஒரு மனிதன் சொல்லவேண்டும். அதற்கு நிலைக்குரல் சான்று வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் அழுகை பதிவானால் சான்று போய்விடும். வீட்டில் அழுதாலும் கணக்குத்தான், கழிவறையில் அழுதாலும் கணக்குத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் அண்ணன் சென்னியப்பன் இறந்துபோனான். அதே குடியிருப்பு, அடுத்த பிளாக், ஏழாவது மாடி. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே வருவது, யார் பெயர் கீழே வருவது என்று தொடங்கிய சண்டை. யார் கல்யாணம் என்பதுகூட இப்போது யோசித்தால்தான் ஞாபகம் வரும். இரண்டு பிளாக்குக்கும் பொதுவான லிஃப்டில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இருவரும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாவுச் செய்தியையும் அந்த லிஃப்ட்தான் சொன்னது.

மின்மயானத்தில் தூணுக்குத் தூண் செவியம். திருமூர்த்தி கல் மாதிரி நின்றான். அண்ணி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதோடு அவளோடும் பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் குளியலறையில் ஒரு முறை முயன்று பார்த்தான். வீடு உடனே தண்ணீரை நிறுத்தியது. “திருமூர்த்தி, இது அழுகையா, இருமலா?” என்று கேட்டது. இருமல் என்றான். அடுத்த எட்டு நாட்களுக்கு, காலையும் மாலையும், பறவை அளவு விமானம் ஒன்று ஜன்னலில் இருமல் மருந்தை வைத்துவிட்டுப் போனது. அவன் குடித்தான். குடிக்கவில்லை என்றால் அதுவும் பதிவாகும்.

அதற்குப் பிறகுதான் அவன் காதில்லா வண்டி தேட ஆரம்பித்தான்.

சட்டம் வருவதற்கு முன் செய்த கார்களுக்கு விலக்கு இருந்தது. அவற்றில் செவியம் கிடையாது, பொருத்தவும் வேண்டியதில்லை. ஆனால் காரில் இல்லாவிட்டால் என்ன, தூணில் இருக்கிறது, பக்கத்து வண்டியில் இருக்கிறது. மற்ற பழைய கார்களின் தகரம் ஒரு தும்மலைக்கூட உள்ளே வைத்துக்கொள்ளாது. ஜெர்மன் கார் அப்படியில்லை. இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி மூன்றடுக்கு ரப்பர், தரைக்கு அடியில் கம்பளி. வேகமாகப் போகும்போது காற்றுச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று ஐம்பது வருடத்துக்கு முன்னால் எவனோ மெனக்கெட்டுச் செய்தது. இப்போது உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது என்பதற்காக விற்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விளம்பரத்தில் போடுவதில்லை. உள்ளே எழும் சத்தம் எவ்வளவு வெளியே கசியும் என்று ஒரு கசிவு எண் போடுவார்கள்.

அவிநாசி சாலையில் நாச்சிமுத்துவின் கிடங்கில் அப்படி ஒன்று நின்றது. கறுப்பு நிறம், டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்கலம் வைத்தது. நாச்சிமுத்து குண்டான மனிதர், சிரித்துக்கொண்டே இருப்பார். இதற்கு முன் வைத்திருந்தவர் ஒரே ஒரு டாக்டர்தான், ஓட்டியதே கிடையாது, நிறுத்திவைத்து உட்கார்ந்தது மட்டும்தான் என்று சொன்னார். கசிவு எண் பூஜ்யம் என்று சத்தியம் செய்தார். இருக்கிற சேமிப்பு முழுவதையும் கேட்டார். திருமூர்த்தி இரண்டு வாரம் யோசித்தான். ஓடுகிற காருக்கே செலவழிக்காதவன் ஓடாத காருக்கு இவ்வளவு கொடுப்பதா என்று ஒரு நாள் தோன்றும். சான்று போய்விட்டால் அந்தச் சேமிப்பைத் தின்றுதானே உட்காரவேண்டும் என்று மறுநாள் தோன்றும். கடைசியில் கசிவு பார்க்கிற லூர்துமேரியைக் கூலிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

லூர்துமேரிக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் மின்கலத்தின் பக்கமே போகவில்லை. நான்கு கதவின் ரப்பரையும் விரலால் தடவினாள். பின்பக்க இடது கதவில் மட்டும் விரல் இரண்டு முறை போய்வந்தது. நாச்சிமுத்து பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருமூர்த்தியின் மணிக்கட்டிலிருந்து, செவியம் பதித்த கைத்தகட்டை அவள் கழற்றி ஒரு பெட்டியில் போட்டாள். அவனை உள்ளே உட்காரச் சொன்னாள். தான் வெளியே கசிவு காட்டும் மானியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும், அவன் முடிந்தவரை கத்தவேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கதவு பொத்தென்று ஒரே சத்தம் போட்டு மூடியது. அதன் பிறகு எதுவும் இல்லை. வீட்டில் குளிர்பெட்டிகூட ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு அமைதியை அவன் கேட்டதே இல்லை.

என்ன கத்துவது என்று தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரைக்கும் கத்தினான். அவள் கதவைத் திறந்தாள்.

“பூஜ்யந்தானுங்க. ஆனா ஒண்ணு ரெண்டு எண்றதுக்கு ஆரும் இந்த வண்டி வாங்கறதில்ல. உங்குளுக்கு எதுக்கு வேணுமோ அதையச் செஞ்சு காட்டுங்க.”

மறுபடியும் கதவைச் சாத்தினாள். இந்த முறை மானியை நீட்டிப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

அந்த முதுகைப் பார்த்ததும் அவனுக்கு வந்துவிட்டது. எட்டு மாதமாக உள்ளே கிடந்தது, அழுகை மாதிரிகூட இல்லை, மாடு கத்துவது மாதிரி வந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனே கதவைத் திறந்தான்.

“நாலு,” என்றாள் லூர்துமேரி. “பின்கதவு ரப்பரு போயிருச்சு. இந்த ரப்பரு இனி ஒலகத்துலயே கெடைக்காதுங்க.”

“நாலுன்னா?”

“பக்கத்துல நின்னா ஆரோ அழுவறாங்கன்னு தெரியும். ஆருன்னு தெரியாது.”

அவன் தலையாட்டினான். அவள் படிவத்தில் எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றாள்.

“ஆருங்க போனது?” என்றாள்.

வாய்வரை வந்தது. எட்டு மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆனால் கிடங்கின் கூரையில் செவியம் மினுங்கிக்கொண்டிருந்தது, அவளைப் பார்த்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, கூலியும் இன்னும் கொடுக்கவில்லை. இவற்றில் எது காரணம் என்று அவனே பிறகு பலமுறை யோசித்தான்.

“இல்லீங்க, இருமல்,” என்றான்.

அவள் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். நாலு எண் உள்ள வண்டியை வாங்கவேண்டாம் என்பது தன் யோசனை, மற்றது அவன் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் வாங்கினான். யார் என்று தெரியாதவரைக்கும் போதும் என்று நினைத்தான்.

குடியிருப்பின் நிலத்தடியில் வண்டியை நிறுத்தினான். வேலை முடிந்து வந்ததும் மாலை ஐந்து மணிக்குக் கைத்தகட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்காருவான். முதல் வாரம் வெறுமனே அழுதான். நன்றாக இருந்தது. தூக்கம் வந்தது, பசித்தது. இரண்டாவது வாரம் பேச ஆரம்பித்தான். பக்கத்து இருக்கையில் சென்னியப்பன் இருப்பதாக வைத்துக்கொண்டு, பத்திரிகை விஷயத்தில் தன் பக்கத்து நியாயத்தை முதலிலிருந்து எடுத்துச் சொன்னான். பிறகு அண்ணன் பக்கத்து நியாயத்தையும் சொன்னான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு சங்கடம் தொடங்கியது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் அவன் நின்றுவிடுகிறான். எதற்காக நிற்கிறோம் என்று யோசித்தபோது, எதற்கோ காத்திருக்கிறோம் என்று புரிந்தது. அழுகையா இருமலா என்று கேட்கக்கூட ஆளில்லை. அவன் சொன்னதெல்லாம் மூன்றடுக்கு ரப்பரில் மோதி அவன் மடியிலேயே விழுந்தது. ஒரு நாள் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டுப் பேசிப் பார்த்தான். பக்கத்துத் தூண் உடனே விழித்துக்கொண்டது. “உங்கள் வண்டியின் கண்ணாடி திறந்திருக்கிறது,” என்று மட்டும் சொன்னது.

இருபத்தாறாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு நாச்சிமுத்துவிடம் போனான். திருப்பிக் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னான். நாச்சிமுத்து ஆச்சரியப்படவில்லை. மோர் வரவழைத்துக் கொடுத்தார். பாதிப் பேர் முதல் வாரமே வந்துவிடுவார்கள், இருபத்தாறு நாள் தாக்குப்பிடித்தது பெரிய விஷயம் என்றார். திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை, அதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தார். சட்டைப் பொத்தான் அளவு. உம்கொட்டி என்று பெயர்.

“செவியமுங்களா? என்ற சான்று போயிருமுங்களே.”

“இதுக்குக் காதே கெடையாதுங்க. நீங்க நிறுத்துனா மூச்சுக்காத்து அசையறது நிக்குமில்ல, அதைய வெச்சு ‘ம்’னு சொல்லும். கொஞ்ச நேரம் கழிச்சு ‘அப்புறம்?’னு கேக்கும். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட உள்ள போவாது. சட்டத்துக்கும் விரோதமில்ல.”

திருமூர்த்தி அந்தப் பொத்தானை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கேட்காத ஒன்று ‘ம்’ சொல்வதால் என்ன பயன் என்றான்.

நாச்சிமுத்து சிரிப்பதை நிறுத்தினார். “மனுசங்க மட்டும் கேட்டுட்டா ‘ம்’ சொன்னாங்க?” என்றார்.

பொருத்துகிற இடம் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. டோக்கன் கொடுத்தார்கள். வண்டியை அந்தப் பக்கம் திருப்பிய திருமூர்த்திக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. வேப்பமரத்து நிழலில் பதினேழு ஜெர்மன் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். சிலருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். பதினேழு பேர் பேசிக்கொண்டிருந்த அந்த இடத்தில் காக்கை கத்துவது மட்டும் கேட்டது. அவன் பதினெட்டாவதாகப் போய் நின்றான்.

மூன்று மணி நேரம் ஆகியும் முன்னால் இன்னும் நான்கு வண்டிகள் நின்றன. வெயில் மரத்தைத் தாண்டி வந்துவிட்டது. திருமூர்த்தி கண்ணாடியை இறக்கிவிட்டான். முன்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். அறுபது வயதிருக்கும், கதர்ச் சட்டை, கால் லேசாகச் சாய்த்து நடந்தார். வரிசையின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, யாரும் கூப்பிடாமலே, திருமூர்த்தியின் ஜன்னலருகில் வந்து நின்றார். இங்கே செவியம் இருக்கிறதா என்று கேட்பதுபோல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். இல்லை. மரத்தில் இன்னும் யாரும் வைக்கவில்லை.

அவர் ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார். விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“என்ற பொண்ணு போயி நேத்தோட ஒரு வருசமுங்க. அதோட பேசாம இருந்தனுங்க. வேற சாதிப் பையனக் கட்டிக்கிச்சுன்னு. ஒரு நாளு வாசல்ல வந்து நின்னுச்சு. நானு கதவத் தெறக்கல.”

எதிரே கம்பத்தில் டோக்கன் பலகை தொங்கியது. பதினான்கு போய்ப் பதினைந்து வந்தது. அடுத்து பதினாறு, பதினேழு, பிறகு தான் என்று திருமூர்த்தி கணக்குப் போட்டான். ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம்.

கதர்ச் சட்டைக்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

“ம்,” என்றான் திருமூர்த்தி, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

“அப்புறம்?” என்றான்.

அவர் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். ஒன்றுமில்லை, வெயில்தான் அதிகம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போய் ஏறிக்கொண்டார். நல்ல வண்டி. கதவு மூடியது வெளியே கேட்கவே இல்லை.