விலியாமு வீட்டுச் சேவல்

எங்கள் ஊரில் முப்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. அதில் ஏழு வீடுகளில்தான் இப்போது அடுப்பு எரிகிறது. மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். பூட்டிய வீடுகளின் முன்னால், சாலையோரமாக, அவர்களுடைய அம்மா அப்பாவின் கல்லறைகள் மட்டும் நிற்கின்றன.

எங்கள் நியுவே பசிபிக் கடலில் மிகச் சின்னத் தீவு, கண்ணுகளா. ஒரு குடும்பம் கிளம்பினால்கூட ஊரில் சத்தம் குறைவது காதுக்குத் தெரியும்.

போன வருடம் ஃபிசா குடும்பம் கிளம்பியது. தியாலேவின் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஃபிசாதான். தியாலேவுக்குப் பதினொரு வயது. ஃபிசா ஊரை மறந்துவிடக் கூடாதே என்று அவள் ஒரு வலைப்பூ தொடங்கினாள். அம்மாவின் கைபேசியில் ஒரு படம் எடுப்பாள். கீழே நாலு வரி எழுதுவாள். 'இன்றைக்கு உன் நாய் எங்கள் வீட்டில் சாப்பிட்டது. ஆனால் படுக்க உங்கள் வாசலுக்கே போய்விட்டது.' இப்படி.

ஃபிசாவின் சித்தி அதைப் படித்தாள். சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் படித்தார். ஆறே மாதத்தில் ஆக்லாந்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் படிக்க ஆரம்பித்தார்கள். ஃபிசா மட்டும் நிறுத்திவிட்டாள். அவளுக்கு அங்கே புதுச் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள்.

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வரிசையாக எழுதினார்கள்.

"எங்க அம்மா கல்லறையில புல்லு மண்டிக் கிடக்கா பாப்பா? பாத்துச் சொல்லு."

"எங்க தண்ணித் தொட்டி ஒழுகுதா?"

"எங்க எலுமிச்சை மரத்த வெட்டுனது யாரு? பேரு மட்டும் சொல்லு போதும்."

தியாலேவால் யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பள்ளி விட்டதும் ஓடுவாள். புல்லைப் பிடுங்குவாள், படம் எடுப்பாள், எழுதுவாள். வீட்டில் கோழிக்குத் தீனி போடவில்லை, துணி மழையில் நனைந்தது, கணக்குப் பாடம் பாதியில் நின்றது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் அது நடந்தது. பேருந்திலிருந்து இறங்கியதும் தம்பி இகிபாவை நிறுத்தத்தில் உட்கார வைத்தாள். அவனுக்கு ஆறு வயது. எங்கள் ஊரில் பையன்களுக்கு விருந்து வைத்துத்தான் முதன்முதலாக முடி வெட்டுவார்கள்; அந்தச் சடங்கு அவனுக்கு இன்னும் நடக்காததால் இடுப்பு வரை பின்னல் தொங்கும்.

"பத்து நிமிஷம்டா. ரெண்டு கல்லறை மட்டும். வந்துடுறேன்."

இரண்டு கல்லறை ஐந்தாகியது. மழை பிடித்தது. ஒரு கொட்டகையில் ஒதுங்கி, அன்றைய பதிவை அங்கேயே எழுதத் தொடங்கினாள். தம்பியை மறந்தே போனாள்.

அம்மா தலைநகர் அலோஃபியில் மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை முடிந்து வண்டியில் வரும்போது, நிறுத்தத்தில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். சாரலில் நனைந்து பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா இங்க உக்காந்திருக்க?"

"அக்கா பத்து நிமிஷம்னா. இன்னும் பத்து நிமிஷம் முடியல."

மூன்று நாள் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. அம்மா கத்தவில்லை. தியாலேவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"செத்துப் போனவங்களையெல்லாம் நல்லாப் பாத்துக்கிற. உசுரோட இருக்கிறவன மறந்துட்ட."

அன்றிலிருந்து கைபேசி சனிக்கிழமை மட்டும். அதுவும் வீட்டு வேலை முடிந்தபின் ஒரே ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? அதனால் தியாலே ஒரு வழி கண்டுபிடித்தாள். அது நல்ல வழி இல்லை. எடுத்து வைத்திருந்த பழைய படங்களையே மறுபடியும் போட்டாள். புல் மண்டாத கல்லறை, ஒழுகாத தொட்டி. 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எழுதினாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்குத்தான் எழுதும்போது கை சுறுசுறுப்பாக ஓடவில்லை.

எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவர் விலியாமு தாத்தா. வயது எழுபத்தெட்டு. மனைவி இறந்தபின் மகளோடு ஆக்லாந்துக்குப் போனவர். அவர் வீடு ஊரிலிருந்து தள்ளி, காட்டுப் பாதையில் அரை மணி நடை. ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்விதான் எழுதுவார்: "என் வீடு எப்படி இருக்கு கண்ணு?"

ஒவ்வொரு மாதமும் தியாலே ஒரே படத்தைப் போட்டாள். நீலக் கதவு, சிவப்புச் செம்பருத்தி, படியில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு காட்டுச் சேவல். ஜனவரியில் புயல் வந்து போனது. பிப்ரவரியிலும் அதே படம். மார்ச்சிலும் அதே படம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து தூறல். மூன்று மணிக்குக் கைபேசி கைக்கு வந்தது. விலியாமு தாத்தா எழுதியிருந்தார்:

"வயசாயிடுச்சு கண்ணு. இங்க ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியுது. உன் படத்தப் பாத்துப் பாத்து மனசு நிலைகொள்ளல. செவ்வாய்க்கிழமை விமானத்துல வரேன். என் வீட்லயே இருந்துடப் போறேன். என் அறையப் பேரனுக்குக் குடுத்துட்டேன்."

தியாலே அதை இரண்டு முறை படித்தாள். புயலுக்கு அப்புறம் அந்தப் பக்கமே அவள் போகவில்லை. 'வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'இன்றைக்குச் சனி. திங்கள் பள்ளி விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் போதும். செவ்வாய்தானே விமானம்.'

"அக்கா, அவங்க செவ்வா நமக்குத் திங்கள் இல்ல?" என்றான் இகிபா. அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா ஃபோன்ல சொல்வாரே, நான் நாளையில இருந்து பேசுறேன்டான்னு."

அப்பாவும் ஆக்லாந்தில்தான் வேலை பார்க்கிறார். அங்கே எப்போதும் நாள் ஒன்று முன்னால் ஓடும். இங்கே சனி என்றால் அங்கே ஞாயிறு. அங்கே செவ்வாய் ஏறினால் இங்கே திங்கள் இறங்குவார்கள்.

திங்கள் பள்ளி விடுவதற்குள் தாத்தா இறங்கிவிடுவார். நாளை ஞாயிறு, தேவாலயத்துக்கு மட்டுமே போகும் ஓய்வு நாள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்கும் போக மாட்டார்கள், காட்டுக்கும் போக மாட்டார்கள். இன்று ஒரு நாள்தான் இருந்தது. அதிலும் பாதி போய்விட்டது.

தியாலே வேகமாக எழுதினாள். 'ஊரில் காய்ச்சல் பரவுகிறது தாத்தா. வர வேண்டாம்.'

எழுதியதைப் பார்த்தாள். ஏற்கெனவே சொன்ன பொய்யின் முதுகில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். எழுந்து சமையல் கொட்டகைக்குப் போனாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா. விலியாமு தாத்தா அவர் வீட்டுக்கே வந்து இருக்கப் போறாராம்."

"எந்த வீட்டுக்கு?"

"காட்டுப் பாதையில இருக்கே, நீலக் கதவு."

அம்மாவின் கை நின்றது. "அந்த வீடா? அதுக்குக் கூரையே இல்லையேடி. புயல்ல போச்சே. அவருக்கு யாரும் சொல்லலியா?"

"நான்தான் சொல்லணும்" என்றாள் தியாலே. "நான் போய்ப் பாக்கவே இல்லம்மா. மாசாமாசம் பழைய படத்தையே போட்டேன். நல்லா இருக்குன்னு எழுதினேன்."

அம்மா துருவிய தேங்காயைத் தள்ளி வைத்தாள்.

"எல்லா வீட்டுக்குமா?"

"நிறைய வீட்டுக்கு."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"போய்ப் பாக்கணும். பாத்ததை எழுதணும். ஆனா ஒரு மணி நேரத்துல முடியாது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். கைபேசியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அவளிடம் கொடுத்தாள். "இருட்டுறதுக்குள்ள வந்துடணும். இவனையும் கூட்டிட்டுப் போ. இந்தத் தடவ எங்கயும் விட்டுட்டு வந்துடாத."

"நான் கைய விட மாட்டேன்மா" என்றான் இகிபா. "அக்காவத்தான் நம்ப முடியாது."

காட்டுப் பாதை சேறாகக் கிடந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

வீடு இருந்தது. அதாவது, சுவர்கள் இருந்தன. கூரைத் தகரங்கள் காட்டுக்குள் அங்கங்கே மடங்கிக் கிடந்தன. நீலக் கதவு உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. அறைக்குள் கட்டில் மழையில் ஊறிக் கறுத்திருந்தது. செம்பருத்தியைக் காணவில்லை.

பின்னால் சமையல் கொட்டகைக்கும் கூரை இல்லை. அடுப்பு மூலையில், மண் தரையில், அம்மா உயரத்துக்கு ஒரு பப்பாளி மரம் நின்றது. மேலே பிஞ்சுகள். அதன் அடியில் இருந்த விறகுக் குவியலில் ஏதோ அசைந்தது.

"அக்கா, தேங்காய் நண்டு. எவ்ளோ பெருசு பாரு." தேங்காயையே உடைத்துத் தின்னும் அந்தக் காட்டு நண்டைப் பார்த்து இகிபா அவள் பின்னால் ஒளிந்துகொண்டான். ஒளிந்தபடியே கேட்டான். "இது தாத்தாவோட நண்டா, நம்ம நண்டா? பிடிச்சா யாரு சாப்பிடலாம்?"

"அது வீட்ல அது இருக்கு. சும்மா இரு."

தியாலே எல்லாவற்றையும் படம் எடுத்தாள். கட்டிலை எடுக்கும்போது கண் மங்கியதால் இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும், தலையைக்கூடத் துவட்டாமல் எழுதினாள்.

'விலியாமு தாத்தா, நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். ஏழு மாதமாக உங்கள் வீட்டுக்கு நான் போகவில்லை. பழைய படத்தையே போட்டேன். இன்று போனேன். கூரை இல்லை. உங்களால் அங்கே தூங்க முடியாது. சமையல் கொட்டகையில் ஒரு பப்பாளி மரமும் ஒரு நண்டும் இருக்கின்றன. வேறு யாரும் இல்லை. மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீடுகளுக்கும் நான் போகவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.'

படங்களைப் போட்டாள். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் கோழிகளை அடைக்கப் போனாள்.

அடைத்துவிட்டு வருவதற்குள் கைபேசி அடித்தது. திரையில் வெள்ளைத் தலையும் ஒரு பூப்போட்ட சட்டையும் தெரிந்தன.

"தியாலே கண்ணா?"

"ஆமா தாத்தா."

"நீ போகலன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தாத்தா?"

"அந்தச் சேவல் ஏழு மாசமா ஒத்தக் கால்ல நிக்குது. அதுக்குக் கால் வலிக்காதா?"

பக்கத்தில் இகிபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தியாலேவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?"

"நீ பதில் போடுவியே. அதுக்குத்தான்." தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். "நீ போகலன்னு தெரியும். கூரை போனது தெரியாது. பின்ன, படத்துல இருக்கிற மாதிரியே வீடு இருக்கும்னு நெனச்சுக்கிட்டா மனசுக்கு நல்லா இருந்துச்சு. உன் பேர்ல மட்டும் தப்பு இல்ல."

"இப்ப வருவீங்களா தாத்தா?"

"எங்க வர? ஏணி ஏறித் தகரம் அடிக்கிற வயசா எனக்கு?" தலையைச் சொறிந்தார். "பேரன்கிட்ட அறையத் திருப்பிக் கேக்கணும். குடுப்பானோ மாட்டானோ. ஏற்கெனவே சுவர் முழுக்கப் படம் ஒட்டிட்டான்."

அப்புறம் தாத்தா கேட்டார். "அந்தப் பப்பாளி. அடுப்பு மூலையிலயா நிக்குது?"

"ஆமா தாத்தா."

"என் வீட்டுக்காரி விதைய அங்கதான் வீசுவா. குப்பைக் கூடை ரெண்டடி தள்ளித்தான் இருக்கும். ஒரு நாளாச்சும் அதுல போட்டாளா? நானும் தினம் திட்டுவேன்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "பழுத்ததும் நீயும் தம்பியும் சாப்பிடுங்க. படம் எடுக்க வேணாம். சாப்பிட்டுட்டு, எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

அவர் அந்த விமானத்தில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை தியாலே எழுதினாள். 'இனிமேல் ஒரு சனிக்கிழமைக்கு ஒரு வீடுதான். தம்பியும் வருவான். உங்கள் முறை வரும்வரை காத்திருங்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவேன்.'

சிலர் கோபித்துக்கொண்டார்கள். எலுமிச்சை மரத்துக்காரர் படிப்பதையே விட்டுவிட்டார். ஒரு வாரம் ஒழுகும் தொட்டி, ஒரு வாரம் புல் மண்டிய கல்லறை, ஒரு வாரம் கரையான் தின்ற கதவு. சந்தோஷமான படங்கள் குறைந்துபோயின. ஆனால் மற்ற நாட்களில் கோழிகள் நேரத்துக்குத் தின்றன. இகிபா நிறுத்தத்தில் தனியாக உட்காரவே இல்லை.

செப்டம்பர் கடைசியில் பப்பாளி பழுத்தது. இருவரும் அடுப்பு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விதையை எங்கே போடுவது என்று தேடிய இகிபா, கடைசியில் மண் தரையிலேயே வீசினான். நண்டுக்கும் ஒரு துண்டு வைத்தான்.

வெளியே வரும்போது தியாலே வீட்டை ஒரு படம் எடுத்தாள். அன்று மாலை தாத்தாவுக்கு அனுப்பினாள். 'இனிப்பு கொஞ்சம் கம்மிதான் தாத்தா. ஆனாலும் முழுசாகச் சாப்பிட்டோம்' என்று எழுதினாள்.

அந்தப் படத்தில் படி காலியாக இருந்தது. ஓரத்தில், படத்தை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்த ஒரு சேவலின் வால் மட்டும் மங்கலாக விழுந்திருந்தது.