தெரியும் ராணியும் ஆமையாரும்

யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று வெட்டிவிடுவாள் ராணி. அதனால் வீட்டில் 'தெரியும் ராணி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் மாமா இருந்தார். மூன்று நாள் வெளியூர் போவதால் வீட்டுச் சாவியை ராணியிடம் கொடுத்தார்.

"ஆமையைப் பார்த்துக்கோம்மா. கீரையைப் பொடிசா நறுக்கி வை. ஆனா அதுக்கு முன்னாடி..."

"தெரியும் மாமா!" என்று சாவியோடு ஓடியே போய்விட்டாள்.

முதல் நாள் கீரை வைத்தாள். ஆமையார் ஓட்டை விட்டுத் தலையை நீட்டவில்லை. மறுநாள் காலையிலும் அதே கதைதான். தட்டில் கீரை வாடிக் கிடந்தது.

ராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். தட்டை இடம் மாற்றினாள். வெள்ளரித் துண்டை நீட்டினாள். "ஒரே ஒரு வாய், என் ராஜால்ல?" என்று கெஞ்சினாள். சுவரில் பதினோரு கடிகாரங்கள் டிக் டிக் என்று அவளை விரட்டின. ஆமையாரைத் தொட்டால் சில்லென்றிருந்தது. செத்துப்போய்விடுமோ? அவளுக்கு அழுகை முட்டியது.

"மாமாவுக்கு போன் பண்ணிக் கேளேன்டி," என்றார் அம்மா.

"வேணாம்மா!"

போன் செய்தால் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு மூன்று பேர் சிரித்தார்கள். அன்றோடு அந்த வார்த்தையை விட்டவள் இவள். ஆனால் அந்த மூவரில் ஒருத்தி இப்போது இவளுடைய உயிர்த்தோழி. சிரித்ததே அவளுக்கு நினைவிருக்காது. 'நான் மட்டும் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்?' என்று நினைத்தாள்.

ராணி போனை எடுத்தாள்.

"மாமா... எனக்குத் தெரியாது."

"யாரு பேசறது?"

"நான்தான், ராணி."

"நம்ம தெரியும் ராணியா? சேச்சே, இருக்காது!"

"ஐயோ மாமா, ஆமை சாப்பிடவே மாட்டேங்குது! 'அதுக்கு முன்னாடி'ன்னு என்னமோ சொல்ல வந்தீங்களே, நான்தான் கேக்காம ஓடிட்டேன்."

மாமாவின் குரல் மாறியது. "கேட்டது நல்லதாப் போச்சு. ஜன்னல் பக்கம் வெயில்ல அரை மணி நேரம் வைம்மா. உடம்பு சூடானாத்தான் அதுக்குப் பசிக்கும்."

ராணி ஆமையாரை வெயிலில் வைத்தாள். புதுக் கீரை நறுக்கினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பதினோரு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அரை மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு தலை மெல்ல எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு கடி. இன்னொரு கடி. சாப்பிட்டது ஆமையார், வயிறு நிறைந்தது ராணிக்கு.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "இந்தப் போர்வையைக் கொஞ்சம் மடிடா. முதல்ல இந்த ஓரத்தை..."

"தெ..." என்று தொடங்கிய ராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாதும்மா. முழுசாச் சொல்லு."

அம்மா போர்வையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காய்ச்சல் எதுவும் இல்லை.