பாட்டில்லாமல் வந்த தொகாஷி

ஷியோரிக்கு நெஞ்சு திக்கென்றது. பேஸ்பால் மைதானத்தில் இவ்வளவு கூட்டம் இருந்தும் ஒரு சத்தம் இல்லை!

அவளுடைய நாரைகள் அணி இந்த வருடம் தோற்றுத் தள்ளியது. ஜப்பானிலேயே இப்படித் தோற்ற அணி கிடையாது. மழை பெய்து ஆட்டம் நின்றால்தான் தோல்வியிலிருந்து தப்பிக்கும்! ஆனால் எவ்வளவு தோற்றாலும் பாட்டு மட்டும் நின்றதில்லை. மட்டையோடு வரும் ஒவ்வொருவருக்கும் ரசிகர்கள் தனித்தனிப் பாட்டு வைத்திருந்தார்கள். அதற்கு டிரம்பெட் ஊதுவது ஷியோரியின் அப்பாதான்.

இன்று அப்பா டிரம்பெட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னப்பா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்கு யாரும் பாடப்போறதில்ல. எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். அப்பதான் தோத்துக்கிட்டே இருக்கற நம்ம ஆளுங்களுக்கு உறைக்கும்."

"அடுத்து தொகாஷி வருவாரே! அவருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அவர் பாட்டை எழுதினதே நீங்கதானேப்பா!"

அப்பா காதிலேயே வாங்காமல் அவித்த சோயாக்காயை உரித்துக்கொண்டிருந்தார்.

தொகாஷி வந்தார். அணியிலேயே சின்னவர். பாவம், ஒரு மாதமாக அவர் மட்டைக்குப் பந்து சிக்கவே இல்லை. இன்றும் சொதப்பினால் இரண்டாம் அணிக்கு அனுப்பிவிடுவார்களாம். வழக்கம்போலப் பாட்டுக்காக நின்றார். ஒன்றும் வரவில்லை. திகைத்துப்போய் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைக் கண்டதும் ஷியோரிக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டென்று நாற்காலிமேல் ஏறினாள்.

"வழிவிடு காற்றே, தொகாஷி வர்றாரு! கடலைத் தாண்டி அடி, அடி, அடி!"

குரல் கீச்சென்று ஒலித்தது. அப்பா பதறினார். "ஐயோ, இறங்குடி! எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்! தோத்துட்டா நம்ம ஆளு இல்லைன்னு ஆயிடுமா?"

டம்! டம்! டம்!

ஷியோரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேளம் கேட்டது எதிர்ப்பக்கத்திலிருந்து! கரடிகள் அணியின் ரசிகர்கள் அவள் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடப்பாவிகளா! என் பாட்டுக்கு அவனுங்க கொட்டுறதா?" என்று அப்பா கத்தினார்.

பையை இழுத்துத் திறந்தார். டிரம்பெட் அலறியது. முன்வரிசை எழுந்தது. அப்புறம் யாரை உட்காரவைக்க முடியும்? எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள்.

தொகாஷி ஓங்கி வீசினார். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கோட்டோரமாக உருண்டது. அதை எதிரணி பொறுக்கி எறிவதற்குள் அவர் தலைகுப்புறப் பாய்ந்து, ஓடிச் சேரவேண்டிய முதல் தளத்தைத் தொட்டுவிட்டார்! ஆட்டமிழக்கவில்லை!

உடம்பெல்லாம் மண்ணோடு எழுந்தவர், ஷியோரியின் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். அவள் வாய் பிளந்து நின்றாள்.

நாரைகள் அணி இன்னமும் ஏழு ஓட்டம் பின்தங்கித்தான் இருந்தது.

"ஏய், என்ன பேந்தப் பேந்த முழிக்கற?" அப்பா அவள் தோளைத் தட்டினார். "பாடு! அடுத்த ஆளு வந்துட்டான்."