உள்ளே மட்டும் திறக்கும் பூனைக்கதவு

சானமாவுக் காட்டிலிருந்து இறங்கி வந்த பதினாலு யானைகளுக்கு முன்னால், செத்துப்போன ஒருவரின் கையைப் பிடித்தபடி குப்புறப் படுத்துக் கிடந்து, உடம்பில் ஒரு கீறலோடு எழுந்து வந்தவன் இந்த ஓசூர் வட்டாரத்திலேயே ஒருவன்தான். டூல்ரூம் ஃபிட்டர் முனிவேல். சொன்னதும் அதே முனிவேல்தான். செத்தவருக்கு வேலை சொல்லிக் கொடுத்து, அவர் கையாலேயே தன்னை விடுவித்துக்கொண்டதாகவும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் சொன்னபோது யானைகள் ஏழு. புதன்கிழமை பதினாலு. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த குவாலிட்டி இன்ஸ்பெக்டர் பரமசிவம் திருநெல்வேலிக்காரர். அளந்து பார்க்காமல் ஒரு வாஷரைக்கூடப் பாஸ் பண்ணாத மனிதர்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சானமாவுல ஒத்த யானை மிஞ்சாது போலிருக்கே வே," என்றார்.

யானைக் கணக்கை விட்டுவிடுவோம். மற்றதெல்லாம் நடந்தபடி இதுதான்.

எண்பத்தொன்பதாம் வருஷம், கார்த்திகை மாதம். ஓசூருக்குள் எங்கே பார்த்தாலும் கம்பெனி. வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காத காலம். உத்தனப்பள்ளி சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கி ராகிக் காட்டு வரப்பில் கால்மணி நேரம் நடந்தால் வருகிற பழைய மண்வீடு ஒன்று முனிவேலுக்குக் கிடைத்தது. பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. சொந்தக்காரி வெங்கடம்மாள், மகனோடு உத்தனப்பள்ளியில் இருந்தாள். சாவியைக் கொடுத்தவள் வீடு வரைக்கும் வரவில்லை. "முட்டி நோவு" என்றாள்.

மனைவி ராசாத்தி பிரசவத்துக்காகக் கிருஷ்ணகிரியில் தாய்வீட்டில் இருந்தாள். தன் பூனையைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். செம்பட்டை நிறம், பெயர் கெம்பி.

"நான் வர்றப்போ கெம்பி இல்லன்னு வைங்க, புள்ளயத் தூக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிருவேன்," என்று சொல்லியிருந்தாள். ராசாத்தி விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல.

அங்கே நாய்கள் உண்டு, காட்டுப்பூனை உண்டு, போன மாதம் சிறுத்தை ஒன்று கன்றுக்குட்டியைத் தூக்கியதாகப் பேச்சும் உண்டு. முனிவேலோ காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவான். பூனை பகலில் வெளியே திரிய வேண்டும். வீட்டுக்குள் வரவேண்டும் என்று தோன்றினால் வந்துவிட வேண்டும். வந்தபின் அவன் திரும்பும் வரை வெளியே போகக்கூடாது. ஆகவே ஒரு கதவு செய்தான். ஒன்பது அங்குலச் சதுரத் தகடு, மேலே கீல். வெளியிலிருந்து தள்ளினால் பூவைத் தள்ளுவதுபோல உள்ளே திறக்கும். உள்ளிருந்து வெளியே வர முயன்றால் கீழ் விளிம்பு சட்டத்தில் கவ்வி நின்றுவிடும். அந்த விளிம்பை அரத்தால் சாய்வாக ராவுவதற்கு மட்டும் இரண்டு மதிய இடைவேளைகள். தலைமுடிகூட உள்ளே போகலாம், திரும்பி வராது என்று அவன் பீற்றிக்கொண்டான். அது மட்டும் முழு உண்மை.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓட்டை போட உட்கார்ந்தான். ஒன்றரை அடி மண்சுவர், கருங்கல்லாக இறுகிப் போயிருந்தது. உளி துள்ளித் துள்ளிக் கையை எரித்தது. சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனான். பின்சுவரின் நடுவில் சத்தம் மாறியது.

பூச்சைச் சுரண்டினால் உள்ளே செங்கல். அகலம் இரண்டரை அடி, உயரம் ஓர் ஆள் உயரம். பழைய வாசலை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? களியில் விரல் இறங்குவதுபோல உளி இறங்கியது. அரைமணி நேரத்தில் ஓட்டை தயார், கதவும் மாட்டியாயிற்று.

கெம்பி கிட்டத்தில் வரவில்லை. கருவாட்டுத் தலையை உள்ளே வைத்துப் பார்த்தான். கழுத்தைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தான். நான்கு காலையும் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு அவன் கையைக் கீறிவிட்டு ஓடியது. பிறகு முன்வாசல் வழியாகவே நிதானமாக உள்ளே வந்து அவன் மடியில் படுத்துக்கொண்டது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூனையின் காதைச் சொறிந்தபடி, மோதிர அளவுக்குத் துல்லியமான தன் வேலையை முனிவேல் ரசித்துக்கொண்டிருந்தான்.

டக்.

தகடு உள்பக்கம் ஏறி இறங்கியது.

பூனை மடியில்தான் இருந்தது.

காற்று என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அறையில் ஒரு வாசனை வந்திருந்தது. அறுத்துப் போட்ட ராகித் தாள், பீடி, நனைந்த கம்பளி. வெயிலிலும் பனியிலும் நாள்கணக்கில் நின்றுவிட்டு வந்த மனிதனின் வாசனை.

அது அவனைத் தாண்டி முன்வாசல் பக்கம் போயிற்று.

முன்கதவின் தாழ்ப்பாள், யாரும் தொடாமல், மெதுவாக நகர்ந்து விழுந்தது.

முனிவேல் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அந்தப் பக்கம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பழைய இரும்பு, துருவில் மாட்டிக்கொண்டது என்று ஃபிட்டர் மூளை காரணம் கண்டுபிடித்தது. விடிந்ததும் அது தானாகவே கழன்று கிடந்ததற்கும் அந்த மூளை ஒரு காரணம் கண்டுபிடித்தது.

அன்று பூனையை வெளியே துரத்திவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாயந்திரம் திரும்பியபோது மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினான்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளேயிருந்து கெம்பி கத்தியது. பசிக்கிற கத்தல் இல்லை. எதிலிருந்தோ பின்வாங்கிக்கொண்டே போகிற கத்தல். தள்ளியும் போகாத ஓட்டைக்குள் அது எப்படிப் போனது, யார் போகவைத்தது என்று யோசிக்கத் தெம்பில்லை. ராசாத்தியின் முகம்தான் கண்ணில் வந்தது.

பின்பக்கம் ஓடினான். தரையில் குப்புறப் படுத்தான். தகட்டைத் தள்ளிக் கையைத் தோள் வரை உள்ளே விட்டான்.

"கெம்பி, இங்க வா. கைக்கு வா."

துழாவிய விரல்களில் பூனை படவில்லை. சரி, முன்பக்கம் போய்ப் பார்ப்போம் என்று கையை இழுத்தான்.

வரவில்லை.

சாய்வாக ராவிய விளிம்பு, மேல்கைச் சதையில் அழகாகப் பதிந்து உட்கார்ந்திருந்தது. இழுக்க இழுக்க ஆழமாகக் கவ்வியது. இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்தவனைக் கூப்பிட்டு நாலு சாத்து சாத்த வேண்டும் என்று முனிவேலுக்குத் தோன்றியது. பரவாயில்லை, கையை மடக்கி உள்ளிருந்தே தகட்டைத் தூக்கிவிடலாம். முழங்கையை மடக்கினான்.

அப்போது அவன் கையை இன்னொரு கை பிடித்தது.

சில்லென்று இல்லை. அதுதான் அவனை நடுக்கியது. சாதாரண ஒரு கை. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை. இறுக்கவில்லை, முறுக்கவில்லை. தெருவைக் கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்தது.

விடவில்லை.

ராகிக் காட்டின் கடைசியில் கிளை முறிந்தது.

முனிவேல் கன்னத்தை மண்ணோடு ஒட்டிவைத்துத் திரும்பிப் பார்த்தான். காட்டு ஓரத்து இருட்டு தனியாகப் பிரிந்து நடந்துவந்தது. ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. அதன்பின் எத்தனை என்று எண்ணும் நிலையில் அவன் இல்லை. ஆகவேதான் பின்னாளில் அந்த எண்ணிக்கைக்கு அத்தனை தாராளம். முற்றிய கதிரைத் தும்பிக்கை சுருட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. பச்சைச் சாற்றின் வாசனை வந்தது. வரப்பு அதிர்வது வயிற்றில் தெரிந்தது.

கத்தினால் யானைக்குக் கேட்கும். கத்தாவிட்டால் மிதிக்கும்.

உள்ளே இருந்த கை இன்னும் கொஞ்சம் இறுகியது. தன் பக்கம் இழுத்தது. ஒன்பது அங்குல ஓட்டை வழியாக ஓர் ஆளை இழுத்துவிட முடியும் என்று அது நம்பியதுபோல இருந்தது. தோள் சட்டத்தில் இடித்தது. மறுபடி இழுத்தது. அந்தக் கையும் நடுங்கியது.

முனிவேலுக்குப் புரிந்தது. உள்ளே இருப்பவருக்கும் யானை என்றால் பயம்.

"அண்ணா," என்றான், உதடு மட்டும் அசைய.

இழுப்பு நின்றது.

"நான் இதுல வரமாட்டேங்ணா. தோள் புடிக்குது. கைய வுடுங்க. என் கைக்கு மேல ஒரு தகடு இருக்குது பாருங்க. அத உங்க பக்கமா தூக்கணும். கீழ் விளிம்பப் புடிச்சி மெதுவா. வெரல அறுத்துக்காதீங்க."

பத்து அடி தூரத்தில் ஒரு பெருமூச்சு. சூடான காற்று அவன் கணுக்காலில் பட்டது.

கை விலகியது.

விரல்கள் அவன் மேல்கையின்மீது தடவிக்கொண்டே வந்து, விளிம்பைக் கண்டுபிடித்து, தகட்டைத் தூக்கின.

கையை உருவிக்கொண்டு, சுவரோடு சுவராகத் தவழ்ந்து முன்பக்கம் வந்தான். வரப்பிலும் யானை நின்றது. ஓட வழியில்லை. அவனுக்கு எதிரே, தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

முன்கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே ஒரே இருட்டு.

வெளியே நிற்பதா, உள்ளே போவதா?

முனிவேல் உள்ளே போனான்.

அவனுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

விடியும் வரை அந்த அறையில் என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. யானையைப் பதினாலாக்கிய அதே வாய், அந்த இடத்துக்கு வந்ததும் மூடிக்கொள்ளும். விடிந்ததும் தாழ்ப்பாள் கழன்றது; பரணில் ஒண்டியிருந்த கெம்பியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உத்தனப்பள்ளிக்கு நடந்தான் என்பது மட்டும் தெரியும்.

வெங்கடம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டவள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செவுத்துல எந்த எடத்துல ஓட்டை போட்ட?"

"பின்செவுரு. நடுவுல. செங்கல் வெச்சி அடைச்சிருந்துச்சே, அங்கதாங்க."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு சென்னகிருஷ்ணன் செத்தது அவிட்ட நச்சத்திரத்துல. அடைப்பு நாளுன்னு சொல்லிட்டாங்கோ. வாசப்படி வழியா எடுக்கக்கூடாது, ஆவாதுன்னு, பின்செவுத்த இடிச்சி அது வழியாத்தான் தூக்கினாங்கோ. தூக்கின கையோட அடைச்சாச்சி. போனவரு திரும்பி வந்தா வழி தெரியக்கூடாதில்ல."

"தாழ்ப்பாளு?"

"பொழுது எறங்கினா அவருதான் தாப்பா போடுவாரு. ஆனைப் பயம். உள்ள இருக்கிறவங்கள விடியற வரைக்கும் ஒண்ணுக்குக்கூட வெளிய வுடமாட்டாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பத்து வருசமா அந்தச் செவுத்துக்கு வெளியவே நின்னிருக்காரு பாரு. ஆனைங்க நடுவுல."

"நான் இன்னைக்கே அடைச்சிடறேன்மா."

"வேணாம்," என்றாள் வெங்கடம்மாள். "வந்தவரு இருக்கட்டும். நீ வேற ஊடு பாத்துக்கோ."

இதைத்தான் முனிவேல் கேன்டீனில் சொன்னான். பரமசிவம் கடைசி வரை கேட்டுவிட்டு, "கெடந்து ஒதறுனதுல தகடு தானா ஏறியிருக்கும். கைப்பிடிச்சாராம், தூக்கினாராம். ஞாயித்துக்கெழமை வாரேன். நானே கைய வுட்டுப் பாக்கேன்," என்றார்.

சொன்னபடி வந்தார். வீடு காலி, சட்டி பானையெல்லாம் ஓசூருக்குப் போயாயிற்று. காலை பதினொரு மணி, நல்ல வெயில். ஜேபியிலிருந்து வெர்னியரை எடுத்து ஓட்டையை நான்கு பக்கமும் அளந்தார். தகட்டை விரலால் தள்ளி, விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"வேல சுத்தமாத்தான் இருக்கு வே. பேச்சுதான் கூடிப்போச்சு."

"மாட்டிக்கிட்டா மரியாதையா கேளுங்க சார். அண்ணான்னு கூப்பிட்டா தூக்கிவிடுவாரு."

பரமசிவம் சிரித்துக்கொண்டே துண்டை விரித்துக் குப்புறப் படுத்தார். சட்டைக் கையைச் சுருட்டி, தோள் வரை உள்ளே விட்டார்.

டக்.

"பாத்தீரா, காத்துதான் இருக்கு," என்றார். "வெறும் காத்..."

சிரிப்பு முகத்திலேயே நின்றது. ஆனால் அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

முனிவேல் பக்கத்தில் குந்தினான். பரமசிவத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தள்ளி வைக்கும்போது அசைவதுபோல. நெற்றியிலிருந்து வேர்வை மண்ணில் சொட்டியது. சிறிது நேரத்தில் உதடுகள் அசைவதையும் நிறுத்தின.

"அண்ணாச்சி," என்று சுவரைப் பார்த்து மெல்லக் கேட்டார். "எல்லாரும் செத்த நேரம் கைய எடுங்க. யாராச்சும் ஒருத்தர் தகட்டத் தூக்குங்க."

தகடு மேலே எழும்பியது.

கையை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பு வரைக்கும் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து உட்கார்ந்தார். முனிவேல் பீடி பற்றவைத்துக் கொடுத்தான். இரண்டு இழுப்புக்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"நீரு சொன்னது நடந்ததுதான் வே. ஒத்துக்கிடுதேன்," என்றார் பரமசிவம். "ஆனா எல்லாத்தையும் கூட்டிச் சொல்லுத ஆளு நீரு. உள்ள இருக்க கைய மட்டும் ஏன் வே ஒண்ணுன்னு கொறச்சுச் சொன்னீரு?"